எட்டு எம்எம் ஊசி

போடிநாயக்கனூரில் ஸ்வெட்டர் பின்னக் கற்றுத்தரும் இடம் எது என்று நான் முதன்முதலில் விசாரித்தது ஒரு சர்பத் கடைக்காரரிடம். சித்திரை மாதம், மதியம் இரண்டு மணி. தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொண்டு வந்தது. அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நான் கேட்காமலேயே ஒரு தம்ளர் தண்ணீரை நீட்டினார்.

"மொதல்ல இதக் குடிங்க பாய். செத்த நேரம் நிழல்ல உக்காருங்க. வீட்டுக்குப் போன் பண்ணணுமா?"

எனக்கு வெயில் தாக்கவில்லை. மகளுக்காகத்தான் விசாரித்தேன். ஆனால் அதை விளக்கப் போனால் ஜீப்பைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும். நடு ரோட்டில் நின்று அதைச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு நடந்தேன்.

இங்கே சொல்லிவிடுகிறேன். மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பத்து வயது மகளைப் பக்கத்து மலையிலிருக்கும் குரங்கணிக்கு ஜீப்பில் கூட்டிக்கொண்டு போனேன். திரும்பும்போது ஒரு வளைவில் ஜீப்பு வழுக்கி, ஓரத்து வாய்க்காலில் சாய்ந்தது. பெரிய விபத்து என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பத்துப் பேர் இருந்தோம். ஒன்பது பேர் இறங்கி, சட்டையைத் தட்டிவிட்டு, ஜீப்பைத் தூக்கி நிறுத்தி, டிரைவரைத் திட்டிக்கொண்டே அதே ஜீப்பில் மறுபடி ஏறினோம். பத்தாவது ஆள் என் மகள். அவளுக்கு வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. அவளைக் கூட்டிப்போனவன் நான். ஓரத்தில் உட்கார்ந்தால் மலை நன்றாகத் தெரியும் என்று இடம் மாற்றி உட்கார வைத்தவனும் நான்.

மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் அந்தக் கை வேலைக்குத் திரும்பவில்லை. கவுன் பாக்கெட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இடது கையால் எழுதினாள், இடது கையால் தலை வாரினாள். ஒரு கல்யாண வீட்டில் இடது கையில் ஸ்பூனைப் பிடித்துப் பிரியாணி சாப்பிட்டபோது, பக்கத்து இலைக்காரம்மா, "என்னம்மா, சோத்துக்கை எங்க போச்சு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டார். அன்றிலிருந்து விசேஷ வீடுகள் கிடையாது. ஜூனில் ஆறாம் வகுப்பு, புதுப் பள்ளிக்கூடம். "அங்க எல்லாரும் கேப்பாங்க. நான் போகல" என்று அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டாள்.

தேனியில் எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "எலும்பு நல்லாக் கூடிருச்சு சார். பயம்தான் இன்னும் கூடல. கையப் பத்தி வீட்டுல யாரும் பேசாதீங்க. ரெண்டு கையும் வேணுங்கிற மாதிரி ஏதாச்சும் வேலை குடுங்க. தையல், பின்னல், எதுனாலும் சரி." பிறகு மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்த என் கைகளைப் பார்த்து, "நீங்களும் சேந்து கத்துக்கலாம்" என்றார்.

முதலில் போனில் தேடினேன். பக்கத்தில் தையல் வகுப்பு என்று போட்டேன். 'பக்கத்தில்' என்பதற்கு அந்தப் போன் வைத்திருந்த அர்த்தம் கோயம்புத்தூர் வரை நீண்டது. குழந்தைகளுக்கு, புதிதாகக் கற்பவர்களுக்கு என்று சேர்த்துப் போட்டதும் சென்னைக்குப் போய்விட்டது. போனை மூடிவிட்டுக் காலால் தேட ஆரம்பித்தேன்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மாடியில் தையல் பயிற்சி நடந்தது. பொறுப்பாக இருந்த அம்மா, "பத்தாவது பாஸா?" என்று கேட்டார்.

"அஞ்சாவது முடிச்சிருக்கா."

"அப்ப அஞ்சு வருசம் கழிச்சுக் கூட்டியாங்க."

"பெருசா ஒண்ணும் வேணாம்மா. பட்டன் தைக்கிற மாதிரி, கைத்தையல்..."

"இங்க மொத நாளே மெசினுதான். கால் பெடல்ல எட்டுமா?"

அவருக்குப் பின்னால் பன்னிரண்டு மெஷின்களில் பன்னிரண்டு ஊசிகள் தடதடவென்று இறங்கி ஏறிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் அரை அங்குலத்தில் ஒரு விரல். நான் சுவரைப் பிடித்துக்கொண்டே மாடிப்படி இறங்கினேன்.

கடைவீதியில் எனக்குச் சட்டை தைப்பவரிடம் போனேன். அவர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, மிகுந்த அக்கறையோடு, "புள்ளைக்குப் படிப்பு ஏறலையா பாய்?" என்று கேட்டார்.

"நல்லாப் படிக்கிறாளே."

"அப்புறம் எதுக்கு இந்தத் தலையெழுத்து?"

நான் வேலை பார்ப்பது ஏலக்காய்க் கடையில். சலிக்கிற இடத்துக்கு நான் மேற்பார்வை. அங்கே மூட்டை தைக்கிறவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு உற்சாகமாகிவிட்டார். "இதுக்கா இப்படி அலையிறீங்க? புள்ளையக் கொண்டாங்க, நான் சொல்லித்தர்றேன். சாக்கு வாயத் தைக்கிறது அரை மணி நேரச் சோலி." சொல்லிக்கொண்டே இடுப்பிலிருந்து கோணி ஊசியை உருவினார். ஒரு சாண் நீளம், நுனி வளைந்தது. நான் இரண்டடி பின்வாங்கி மூட்டை மேல் உட்கார்ந்தேன்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்களில் ஒரு அக்கா, தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "உல்லனு பின்ன எங்க தெருவுல ஒரு டீச்சர் இருக்கே பாய். மலையிலருந்து எறங்குன டீச்சரு. எஸ்டேட்டுக்குப் போறவுகளுக்குக் குல்லா, மப்ளரு எல்லாம் அதுதான் பின்னிக் குடுக்குது. சாயங்காலம் சின்னப் புள்ளைகளுக்கும் சொல்லிக்குடுக்குது, எங்கள மாதிரிக் கழுதைகளுக்கும் சொல்லிக்குடுக்குது."

"இத்தன நாளா ஏங்க்கா சொல்லல?"

"எங்ககிட்ட எங்க கேட்டீங்க? சர்பத் கடையிலல்ல போய்க் கேட்டீங்க."

எங்கள் ஊர் அப்படி; யார் எங்கே என்ன கேட்டாலும் காய்க்கடைக்கு வந்துவிடும்.

டீச்சருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். இடுக்கிப் பக்கம் எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவர். போடியில் கல்யாணம் முடித்து வந்து வருடங்கள் ஆகியும் பேச்சில் மலையாளம் ஒட்டிக்கொண்டிருந்தது. வீட்டு முன்னறைதான் வகுப்பு. பாயில் ஐந்தாறு பெண்கள், நாலு பிள்ளைகள். நான் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தேன். அதில் என் கேள்விகளை வரிசையாக எழுதி வைத்திருந்தேன். ஊசி நுனி கூர்மையா? கண்ணில் பட்டால்? நூல் கழுத்தில் சுற்றிக்கொண்டால்?

மூன்றாவது கேள்வியிலேயே டீச்சர் கையைத் தூக்கினார். "மதி, மதி, போதும். முப்பது வருசம் மலையில இருந்தேன் பாய். அட்டை கடிச்சிருக்கு, யானை தொரத்திருக்கு. பின்னல் ஊசி யாரையும் தொரத்தி நான் பாத்ததில்ல."

பாயில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மகள் என் பின்னால் நின்று, "அத்தா, பேப்பர உள்ள வைங்க" என்றாள். எங்கள் வீட்டில் அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவோம்.

அவளை உள்ளே அனுப்பிவிட்டு, வாசலில் நின்று கையைப் பற்றி டீச்சரிடம் மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தேன். "அறியும், அறியும். காய் பொறுக்குற பொம்பளைக சொல்லியாச்சு" என்றார்.

"நானும் ஒரு ஓரமா உக்காந்துக்கிறனே."

"சும்மா உக்காந்து புள்ளையவே மொறச்சுப் பாக்குற சோலியெல்லாம் இங்க ஆகாது. உக்காரணும்னா பின்னணும்."

காலண்டர் தாளின் பின்பக்கம் வாங்க வேண்டியதை எழுதிக் கொடுத்தார். உல்லன் நூல் இரண்டு பந்து. பின்னல் ஊசி, நாலு எம்எம், இரண்டு ஜோடி.

நாலு எம்எம் என்பதைப் படித்ததும் எனக்கு முகம் சுருங்கியது. இதை வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். போடியில் எம்எம் என்றால் ஏலக்காய். காயைச் சல்லடையில் போட்டுச் சலிப்போம். எட்டு எம்எம் சல்லடையில் விழாமல் நிற்பது முதல்தரம். அதைத் தட்டில் போட்டு நீட்டினால் வியாபாரி எழுந்து நிற்பார். ஏழு, பரவாயில்லை. ஆறு, வீட்டுக்கு. நாலு எம்எம் என்று ஒரு தரமே கிடையாது. அது தூசிக்கும் காம்புக்கும் சொந்தக்காரன். இருபது வருடம் இதே வேலையில் இருந்தவனுடைய மகளுக்கு, அதுவும் கை முறிந்து கிடக்கும் மகளுக்கு, நாலு எம்எம் ஊசியா? நான் வசதியில்லாதவன் என்று நினைத்து டீச்சர் மலிவானதாக எழுதிக் கொடுத்திருக்கிறார் என்றே நம்பினேன்.

ஃபேன்சி ஸ்டோர்க்காரரும் உள்ளூர்க்காரர்தான். தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "நாலா?" என்று அவரும் முகம் சுளித்தார்.

"இருக்கிறதுலயே நல்லது எது?"

"எட்டு ஒரே ஒரு ஜோடி கெடக்கு பாய். யாரும் கேக்குறதில்ல. பாருங்க, என்னா மொத்தம்!"

"அதக் குடுங்க. புள்ளைக்கு."

"ஒங்களுக்கு?"

"எனக்கு ஏழு போதும்" என்றேன் அடக்கமாக.

நூலும் அதே கணக்கில்தான் எடுத்தேன். நல்ல காய்ப் பச்சை, மெல்லிசான நூல்.

மறுநாள் டீச்சர் அந்த ஊசிகளைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். "இதுல சப்பாத்தி தேய்க்கலாம் பாய்" என்றார். எண் ஏற ஏற ஊசி தடிக்கும், பின்னலில் ஓட்டை பெரிதாகும், அவ்வளவுதான், அதில் தரம் ஒன்றும் இல்லை என்று எனக்கு விளங்க வைக்கப் பத்து நிமிடம் ஆனது. காய் பொறுக்கும் அக்காமார் இரண்டு பேர் என் பக்கம் நின்றார்கள். "எட்டுன்னா எட்டுதான டீச்சர்?" என்று ஒருவர் வாதாடிப் பார்த்தார். டீச்சர் மசியவில்லை. மகளுக்குத் தன்னுடைய நாலு எம்எம் ஜோடியைக் கொடுத்தார். எட்டை என் கையில் திணித்தார்; ஏழு மூலைக்குப் போனது. "வாங்குன ஆளே பின்னட்டும்."

வாரத்துக்கு மூன்று நாள், சாயங்காலம் ஐந்து மணிக்கு வகுப்பு. பிள்ளைகள் ஒரு வாரத்தில் பட்டன் தைத்தார்கள், இரண்டாம் வாரம் மப்ளர் தொடங்கினார்கள். என்னுடையது வேறு மாதிரி வளர்ந்தது. மெல்லிசு நூல், உலக்கை ஊசி. ஒவ்வொரு கண்ணியும் பெரிய வளையமாக வாய் பிளந்துகொண்டு நின்றது. ஒரு அக்கா அதைத் தூக்கிப் பிடித்து மறுபக்கம் இருந்தவர்களைப் பார்த்தார். "பாய், வைகைக்கு மீன் பிடிக்கப் போறீகளா?" இன்னொருவர் முந்தானை முடிச்சிலிருந்து நாலைந்து ஏலக்காயை எடுத்து அதன் மேல் போட்டுக் குலுக்கினார். "அடியே, இங்க பாருங்க. ஏழு விழுகுது, எட்டு நிக்குது! கடைக்குச் சல்லடையே வாங்க வேணாம்." நானும் தொழில் பழக்கத்தில் குனிந்து சரிபார்த்தேன். உண்மைதான், கச்சிதமாகச் சலித்தது.

மகளும் சிரித்தாள். ஆனால் கை வெளியே வரவில்லை.

வலதுபக்க ஊசியை அவள் அக்குளில் இடுக்கிக்கொண்டாள். மற்றதையெல்லாம் இடது கை ஒண்டியாகச் செய்தது. பத்துக் கண்ணி போட ஒரு வகுப்பு முழுக்க ஆகும். நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் டீச்சர் என்னை ஒரு பார்வை பார்ப்பார். வீட்டில் என் மனைவியின் பார்வை. "நீங்க பெருமூச்சு விடுறதக் கேட்டே அவளுக்குக் கை மடங்குது. பேசாம இருங்க" என்பாள். பேசாமல்தான் இருந்தேன். பெருமூச்சை மட்டும் என்னால் நிறுத்த முடியவில்லை. வைகாசியும் பாதி போய்விட்டது. புதுப் பள்ளிக்கூடத்துச் சீருடைத் துணி வாங்கி வைத்தது அலமாரியில் அப்படியே இருந்தது. அதைத் தொட்டால் அவள் அறையை விட்டு எழுந்து போனாள்.

டீச்சரின் வீட்டுக்காரர் ஜீப்பு டிரைவர். தினமும் ஆறு மணி வாக்கில் மலையிலிருந்து லோடு இறக்கிவிட்டு வருவார். தெருவில் விளையாடும் பிள்ளைகள் விலகுவதற்காக வாசலில் ஒரு ஹாரன் அடிப்பார். அந்தச் சத்தத்துக்கு நான் தினமும் பாயிலிருந்து ஒரு விரற்கடை எழும்பி உட்காருவேன். இது வகுப்புக்கே பழகிவிட்டது. ஆறாகப் போகிறது என்றால் யாராவது, "பாய், ஊசிய இறுக்கிப் பிடிங்க, அண்ணே வர்ற நேரம்" என்று எச்சரிப்பார்கள்.

அன்றைக்கு அவர் வெரசாக வந்துவிட்டார். ஐந்தே முக்கால். யாரும் எச்சரிக்கவில்லை. நான் அப்போதுதான் ஒரு வரிசை முடித்து, வாழ்க்கையில் முதல்முறையாக முப்பத்திரண்டு கண்ணியும் ஊசியில் சரியாக நிற்பதை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஹாரன் அடித்தது. ஊசி இரண்டும் என் கையிலிருந்து பறந்தன. ஒன்று மூலையில் இருந்த தையல் மெஷினுக்கு அடியில் உருண்டது. நான் எழுந்து நின்றுவிட்டேன். நூல் கால் பெருவிரலில் மாட்டியிருந்தது தெரியாமல் வாசல் பக்கம் இரண்டடி வைத்தேன். பச்சைச் சல்லடை சரசரவென்று பிரிய ஆரம்பித்தது.

"அய்யோ அத்தா, இழுக்காதீங்க! நில்லுங்க! காலத் தூக்காதீங்க!"

மகள் தவழ்ந்து வந்து அதன் மேல் விழுந்தாள். இடது கையால் துணியை அமுக்கிப் பிடித்தாள். கீழே கிடந்த எட்டு எம்எம் ஊசியை எடுத்தாள். வாய் பிளந்து நின்ற கண்ணிகளுக்குள் ஒவ்வொன்றாகக் கோர்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. அந்த ஊசியைப் பிடித்திருந்தது வலது கை.

நான் ஒற்றைக் காலில் நின்றேன். எனக்கு வார்த்தை வாய் வரை வந்துவிட்டது. டீச்சரைப் பார்த்தேன். அவர் கண் என் மேல் இருந்தது. காய் பொறுக்கும் அக்காமார், எந்த விஷயத்துக்கும் வாய் மூடாதவர்கள், குனிந்த தலை நிமிராமல் பின்னிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கு ஊசியில் நூலே இல்லை; வெறும் ஊசியை அசைத்துக்கொண்டிருந்தார். வாசலில் டீச்சரின் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "என்னா, எழவு வீடு மாதிரி..." என்று ஆரம்பித்தார். டீச்சர் ஒரு உல்லன் பந்தைத் தூக்கி அவர் மேல் எறிந்தார். அவர் அப்படியே திரும்பி ஜீப்புக்குப் போய்விட்டார்.

விரல்கள் முழுக்க மடங்கவில்லை. மெல்லிசு ஊசியாக இருந்திருந்தால் நழுவியிருக்கும். அந்த உலக்கை, பாதி மூடிய கைக்குள் தடிமனாகப் பொருந்தி நின்றது. இருபத்தேழு கண்ணிகளை மீட்டாள். மற்ற ஐந்தும் போனது போனதுதான்.

"இந்தாங்க. இனிமே ஒழுங்காப் புடிங்க" என்று என்னிடம் நீட்டினாள். நீட்டியபோதுதான் எந்தக் கை என்று அவளே பார்த்தாள். நான் வேகமாக ஊசியை வாங்கி, தலையைக் குனிந்துகொண்டு, அடுத்த கண்ணியைப் போட்டேன். பிறகு என் வாழ்க்கையிலேயே துணிச்சலான காரியத்தைச் செய்தேன். அந்தக் கண்ணியை வேண்டுமென்றே நழுவ விட்டேன்.

"அத்தா!"

"தெரியாம விட்டுட்டேம்மா."

"குடுங்க இங்க."

கை மறுபடியும் வந்தது.

அதற்குப் பிறகு வகுப்பில் என்னைவிட மோசமான மாணவர் இருந்ததில்லை. ஒரு வரிசைக்கு நாலு கண்ணி விடுவேன். நான் கொஞ்சம் அதிகமாகவே போய்விட்டேன் போலிருக்கிறது. ஒருநாள் டீச்சர் என் பக்கம் குனிந்து, "பதுக்கே, பாய், மெல்ல. இவ்வளவு மண்டூகம் யாரும் நம்பாது" என்று காதோடு சொன்னார். கடைசியில் மகளுக்குப் பொறுமை போய்விட்டது. நாலு எம்எம்மை டீச்சரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, எட்டைத் தனக்கே வைத்துக்கொண்டாள். நான் தொடங்கிக் கெடுத்ததை அவள் முடிப்பதாக ஏற்பாடு.

வகுப்பில் எல்லோரும் கூடிப் பேசினார்கள், இந்தச் சல்லடையை என்னவாக ஆக்கலாம் என்று. மப்ளர் என்றால் குளிர் உள்ளே வந்து போகும். பைக்கு ஆகாது. மகள்தான் சொன்னாள், "அத்தாவோட ஜும்மாத் தொப்பியிலயும் ஓட்டைதான இருக்கு?" டீச்சர் கொஞ்சம் யோசித்து, ஓரங்களை ஊசிநூல் போட்டு இணைப்பது எப்படி, உச்சியில் சுருக்கிக் கட்டுவது எப்படி என்று காட்டினார். அதற்கு மெல்லிசான தையல் ஊசி. நான் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இரண்டு தடவை குத்தியது. "ஸ்ஸ்" என்றாள், விரலைச் சப்பினாள், மறுபடியும் தைத்தாள்.

பள்ளி திறப்பதற்கு முந்தின வெள்ளிக்கிழமை. சீருடை அலமாரியிலிருந்து தையல்காரரிடம் போய்த் திரும்பி வந்திருந்தது. நான் தொழுகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அவள் தொப்பியோடு வந்தாள். பச்சை நிறம், ஒரு பக்கம் கோணல், மேலே ஒரு குமிழ். கம்பளித் தொப்பி, வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

"குனிங்க."

குனிந்தேன். தொப்பி சிறியதாகிவிட்டது. அவள் விடவில்லை. இரண்டு கையாலும் ஓரத்தைப் பிடித்து, என் காது மடங்க, நெற்றித் தோல் இறங்க, இழுத்து மாட்டினாள். அவளுடைய வலது கை இழுத்த பக்கம்தான் அதிகமாக வலித்தது.

"சுடுதா, அத்தா?"

"இல்லம்மா. நல்லாக் காத்து வருது" என்றேன்.